டிரனியனுக்கு 90 ஆயில்

அறுபதைத் தாண்டியவர் யாராவது சிக்னலில் எங்கள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றால், அவர் கண்ணாடியை இறக்கப்போகிறார் என்பது எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். "ஹெரால்டுதானே? எங்க மாமா வெச்சிருந்தார்" என்பது முதல் வாக்கியம். இரண்டாவது வாக்கியம் வருவதற்குள் பச்சை விழுந்துவிட வேண்டுமே என்று இருக்கும். அது பெரும்பாலும் அந்த மாமாவின் பின்சக்கரம் எந்த ஊருக்குப் பக்கத்தில் கழன்று ஓடியது என்பதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அம்பாசடர் என்றால் பத்துப் பேர் ஏறித் திருப்பதி போன கதை வரும். ஃபியட் என்றால் மைலேஜ் கதை. ஹெரால்டுக்கு மட்டும் நின்றுபோன கதைதான். இத்தனைக்கும் இது நம்ம ஊர் கார். அந்த நாளில் புதுக் கார் வாங்க நினைத்தவருக்கு இருந்தவை முக்கியமாக மூன்று: கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த ஃபியட், சென்னைக்கு வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்த ஹெரால்டு. முன்னவை இரண்டுக்கும் ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். ஹெரால்டுக்குத் தரையில் கியர். இன்றைக்கு எல்லாக் காரும் அப்படித்தான் என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அப்போது அதுவே ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிக்கொள்ளப் போதுமானதாக இருந்தது.

என் பெரியப்பா அந்தத் தொழிற்சாலையில் அசெம்பிளியில் வேலை பார்த்தவர். அவரிடம் மட்டும் யாரும் சக்கரம் கழன்ற கதையைச் சொல்லித் தப்ப முடியாது. "எத்தனை பேரை ஏத்தினான்? ரோடு எப்படி? கடைசியா எப்ப ஹப்பைக் கழட்டிப் பார்த்தான்?" என்று குறுக்கு விசாரணை ஆரம்பமாகிவிடும். பின் ஆக்சில் நம் சாலைக்கும் நம் சுமைக்கும் தாங்காது என்பது அவருக்கும் தெரியும். கம்பெனிக்கே தெரிந்துதான், எழுபதுகளில் அதே காரைக் கெசல் என்று கொண்டுவந்தபோது பின்னால் சாதாரண முழு ஆக்சிலை மாட்டினார்கள். ஆனால் வீட்டு விஷயத்தை வெளியாள் பேசக் கூடாது என்பது அவர் கட்சி.

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் பெயரில் வந்தது. வரைந்து கொடுத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலாட்டி. இங்கே 1961இல் வந்தது. அதன் உடம்பு ஏன் துண்டுதுண்டாக இருக்கிறது என்று சின்ன வயதில் பெரியப்பாவைக் கேட்டபோது அவர் சொன்ன காரணத்தைப் பிறகு நான் படித்தும் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கார் உடம்பு அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஒரே கூடாக உடம்பு அடித்துத் தர ஆள் இல்லை. எனவே அங்கங்கே செய்து வாங்கிய சின்னச் சின்னத் தகடுகளைத் தனி சேசிஸ் மீது போல்ட் போட்டு முடுக்குகிற பழைய வழிக்கே திரும்பினார்கள். இங்கிலாந்துக் கம்பெனி அரசியலில் பிறந்த அந்த அவசர ஏற்பாடு, பெருங்களத்தூர் மாதிரி தூர தேசத்தில் பாகங்களை இறக்கிக் கோக்கிற இடத்துக்கு வசதியாகப் போனது. ஒவ்வொரு மூட்டிலும் மழைத் தண்ணீர் உள்ளே வருவது தனிக் கதை. ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் காரில் கால் மிதியடியைக் கழற்றி வைத்துவிடுவோம். வராமல் தடுக்கப் பார்த்ததில் காசுதான் போயிற்று.

பெரியப்பா வாங்கியது 1970 மாடல், நாலு கதவு. இங்கிலாந்தில் நாலு கதவு ஹெரால்டே கிடையாது. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரலில் ஒரு மிடுக்கு வரும். 1985இல் அதே கம்பெனி ரோவர் உடம்புக்குள் பழைய வேங்கார்டு என்ஜினைத் திணித்து ஸ்டாண்டர்டு 2000 என்று விட்டது. மாருதி வந்து ஒன்றரை வருஷம் கழித்து, அதைவிடப் பல மடங்கு பெரிதாக, பல மடங்கு பெட்ரோல் குடிக்கிற ஒரு கார். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் பெரியப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். மூன்று வருஷத்தில் உற்பத்தியே நின்றது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது மென்பொருள் கம்பெனிகள்.

அவர் காலமான பிறகு கார் குரோம்பேட்டை வீட்டு ஷெட்டிலேயே கிடந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எடைக்கு எடுக்கிறவர்கள் வந்து பானெட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பழைய கார் சேர்க்கிற ஒருவர் வந்தார். கார் இன்னும் ஸ்டார்ட் ஆகுமா என்று கேட்காமல், டிக்கியில் உள்ள எழுத்துகள் ஒரிஜினலா என்று கேட்டார். பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டனுப்பி, "இதோ பாருடி, ஓட்டறதா இருந்தா எடுத்துக்கோ. நிறுத்தி வெச்சுக் கும்பிடறதா இருந்தா எனக்கே இருக்கட்டும், நானே கும்பிட்டுக்கறேன்" என்றாள்.

எனக்கு அப்போது மாருதி ஓட்டத் தெரியும். அது போதும் என்று நினைத்துக்கொண்டுதான் சரி என்றேன்.

முதலில் காகிதம். சொந்தக்காரர் இறந்துவிட்டால் படிவம் 31, வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ். முதலில் பெரியம்மா பெயருக்கு, அப்புறம் படிவம் 29, 30 போட்டு என் பெயருக்கு. ஆர்.சி. புத்தகம் நிஜமாகவே புத்தகம், தையல் விட்டுப்போயிருந்தது. சேசிஸ் எண்ணுக்கு மேல் செல்லோ டேப்பை ஒட்டிப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். முப்பது வருஷத்துப் பெயின்டும் அழுக்கும் சுரண்டி அந்த எண்ணைக் கண்டுபிடித்தவர் பாய்.

பாய் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வோம். பல்லாவரத்தில் ஒரு வேப்பமரத்தடியில், தகரக் கூரை போட்டு, பெட்டி நிறைய ஸ்பானரோடு அவர் கடை. எழுபதுகளிலிருந்து இந்தக் காரை அதிகம் தொட்டவர் பெரியப்பாவை விட்டால் அவர்தான். தகவல் சொன்னதும் டி.வி.எஸ். 50ல் வந்து இறங்கினார். ஷெட்டைத் திறந்து, காரைச் சுற்றிவராமல், நேராகப் போய் இரண்டு பக்கத்துக் கொண்டியையும் விடுவித்துப் பானெட்டைத் தூக்கினார். ஹெரால்டில் பானெட் என்பது மூடி அல்ல. முன் மட்கார்டு இரண்டும், விளக்குகளும் சேர்ந்து காரின் மூக்கே முன்பக்கமாகக் கவிழ்ந்து போய்விடும். மிச்சம் இருப்பது என்ஜினும் இரண்டு முன்சக்கரமும் மட்டும். பாய் இடது டயர் மேல் உட்கார்ந்துகொண்டார். அதுதான் அவர் நாற்காலி என்பது அப்புறம் புரிந்தது. ஒரு முறை உட்கார்ந்து பார்த்தால் வேறு எந்தக் காரிலும் குனிந்து வேலை செய்ய மனசு வராது.

"சாவி போடாத பாப்பா" என்றார். ரொம்ப நாள் நின்ற என்ஜினை செல்ப் அடித்துச் சுற்றப் பார்த்தால், துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங் உடைந்துவிடும். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டுப் போய்விட்டார். தினம் வந்து கொஞ்சம் ஊற்றுவார், டீ குடிப்பார், போவார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஒரு வாரம் போல ஆன பிறகு, டாப் கியரில் போட்டுவிட்டுக் காரை முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். உள்ளே எங்கோ ஒரு சின்ன முனகல். அப்புறம் விசிறி அரை வட்டம் சுற்றியது. பாய் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "உயிர் இருக்கு" என்றார்.

கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டியிருந்தது. பிரேக் சிலிண்டர் எல்லாமே இறுகிப் போயிருந்தன. டாங்கில் இருந்த பெட்ரோல் பழுப்பு நிறத்தில் வார்னிஷ் ஆகியிருந்தது. ஹெரால்டு டாங்கின் தலையில் ஒரு சின்ன லீவர் உண்டு: பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றால், டிக்கியைத் திறந்து அதைத் திருப்பினால் அடியில் மிச்சம் இருக்கும் ரிசர்வ் வரும். மோட்டார் சைக்கிளில் இருக்கிற அதே வசதி. அந்த லீவர் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விடுவிக்க பாய் பட்ட பாட்டைப் பார்த்து, வேண்டாமே என்றேன். "சார் வந்து கேப்பாரு" என்றார். பெரியப்பா வரப்போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். லீவர் இன்றைக்கும் வேலை செய்கிறது.

ஓட்டக் கற்றுக்கொண்டது வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்டில். இன்று அங்கே போகிறவர்கள் நம்ப மாட்டார்கள். அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மிருகக்காட்சிசாலையைத் தாண்டிவிட்டால் கண்டிகை வரைக்கும் ரோடு நமக்கே. முதல் பாடம் முதல் கியர். ஹெரால்டில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறங்கப் பார்த்தால் பற்கள் கடிபடுகிற ஓசை தெருக்கோடி வரை கேட்கும். ஒன்று, வண்டியை முழுக்க நிறுத்த வேண்டும். இல்லையென்றால் டபுள் கிளட்ச்: மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தட்டி என்ஜினை எழுப்பி, திரும்ப மிதித்துப் போட வேண்டும். கால் இரண்டும் கை ஒன்றும் வேறு வேறு தாளத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கும். அது ஒரு நாள் தானாக விழுந்தது. சத்தமே இல்லாமல், வெண்ணெய்யில் கத்தி இறங்குகிற மாதிரி கியர் உள்ளே போனது. பாய் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

இரண்டாவது பாடம் வளைவு. ஹெரால்டின் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனி அச்சில், நடுவில் உள்ள டிஃப்ரன்ஷியலில் இருந்து தோள்பட்டை மாதிரி ஆடுகிறது. ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தால் நன்றாகப் புரியும்: இரண்டு சக்கரமும் உள்பக்கமாக மடங்கிவிடும். ஓடும்போதும் அது நடக்கலாம். வளைவில் வேகமாக நுழைந்து, பயந்துபோய் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் காரின் பின்பக்கம் மேலே எழும்பும். வெளிப்பக்கத்துச் சக்கரம் அடியில் மடங்கும். வண்டி பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும். மாருதியில் பழகிய கால், பயந்தால் தானாகத்தான் எழுந்துகொள்ளும். "வளைவுக்கு முன்னாடியே குறைச்சிடு. உள்ள போன அப்புறம் பயப்படாத, லேசா மிதிச்சுக்கிட்டே வெளிய வா" என்று பாய் சொல்லிக்கொண்டே இருப்பார். பின்சீட்டில் ஆள் இல்லாதபோது இந்தச் சங்கடம் அதிகம் என்பதால், பெரியம்மாவைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தோம். அவள் மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டு வந்தாள்.

இதற்கெல்லாம் ஈடாக ஹெரால்டு கொடுப்பது ஒன்று உண்டு. முன்சக்கரங்கள் கிட்டத்தட்டக் குறுக்கே நிற்கும் அளவுக்குத் திரும்பும். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகச் சுற்றிவிடலாம். மயிலாப்பூர் மாட வீதிகளில், ஒரு பக்கம் பூக்கடை, மறுபக்கம் நிறுத்தின ஆட்டோ என்று இருக்கும் இடத்தில், ரிவர்ஸ் எடுக்காமல் ஒரே ஒடிப்பில் நான் திரும்பிக்கொண்டு போவதைப் பார்த்து ஆட்டோக்காரர்களே ஒதுங்கியிருக்கிறார்கள்.

ஓட்டுவதைவிடப் பராமரிப்புதான் எனக்குப் பிடித்துப்போனது. அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினித் திரையைப் பார்க்கிறவளுக்கு ஒரு நட்டு இறுகுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எழுதிப் புரியவைக்க முடியாது. கருவி வாங்கப் போனபோதே சிக்கல் ஆரம்பமானது. ஹெரால்டு நட்டுகள் எல்லாம் இஞ்ச் அளவு. கடையில் கிடைப்பதெல்லாம் மில்லிமீட்டர். அரை இஞ்ச் நட்டுக்கு 13 ஸ்பானர் போகும், ஆனால் கொஞ்சம் ஆடும். அந்தக் கொஞ்சத்திலேயே நட்டின் முனை மழுங்கிவிடும். ஏழு பதினாறுக்கு 11 ஏறவே ஏறாது. ஒன்பது பதினாறுக்கு 14 நுழையாது, 15 வழுக்கும். எந்த வொர்க்‌ஷாப் எங்கள் காரைத் தொட்டது என்பதை பாய் நட்டு முனைகளைப் பார்த்தே சொல்லிவிடுவார். புதுப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் இஞ்ச் ரிங் ஸ்பானர் செட் ஒன்று கிடைத்தது. ஒன்று மட்டும் குறைந்தது. அது எது என்று சொல்ல வேண்டியதில்லை. அதிகம் தேவைப்படுவதுதான் எப்போதும் குறையும்.

டேப்பெட் அட்ஜஸ்ட் செய்வதை பாய் எனக்கு ஒரு கணக்காகச் சொல்லிக்கொடுத்தார். நாலு சிலிண்டர், எட்டு வால்வு. முன்னாலிருந்து ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண்ணிக்கொள்ள வேண்டும். "கூட்டினா ஒம்பது வரணும், அவ்ளோதான்." எட்டாவது வால்வு முழுக்க அழுந்தி நிற்கும்போது ஒன்றாவதைச் சரி செய்யலாம். ஆறு அழுந்தினால் மூன்று. நாலு அழுந்தினால் ஐந்து. எந்த வால்வு அழுந்துகிறதோ, அதை ஒன்பதிலிருந்து கழித்தால் கிடைப்பது அந்தச் சமயம் முழு ஓய்வில் இருக்கும். படிப்பில்லாத மனிதர் என்று சொல்லிக்கொள்வார். இந்தக் கணக்கைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். இடைவெளி பத்து தவ், அதாவது ஒரு இஞ்சில் ஆயிரத்தில் பத்துப் பங்கு. ஃபீலர் கேஜ் தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் செருகி இழுத்தால், பிடிக்கவும் கூடாது, வழுக்கவும் கூடாது. அளவு சரியாக வந்துவிட்டது என்று லாக் நட்டை இறுக்கினால், இறுக்குகிற இறுக்கில் ஸ்க்ரூ ஒரு மயிரிழை திரும்பி அளவு கெட்டிருக்கும். திரும்பவும் முதலிலிருந்து. அந்த ஒரு மயிரிழையை முன்கூட்டியே கழித்துவிட்டு இறுக்கக் கை பழகியதுதான் நான் கற்றதிலேயே நுணுக்கமானது. இன்னொன்றும் பாய் சொன்னார்: "கட கடன்னு சத்தம் போடற டேப்பெட்டைப் பத்திக் கவலைப்படாத. சத்தமே போடாம இருக்கு பாரு, அதுதான் வால்வை எரிக்கும்." இடைவெளி குறைந்துபோனால் வால்வு முழுக்க மூடாது, மூடாத வால்வு சூட்டில் வெந்துபோகும். விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. 2000இல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியபோது இந்த மாதிரிப் பழைய என்ஜின்களின் வால்வு சீட்டுகள் தேய ஆரம்பித்தன. ஈயம்தான் அதுவரைக்கும் அவற்றுக்குக் கவசமாக இருந்தது. ஹெட்டைக் கழற்றியபோதே லேத்தில் கொடுத்துக் கடினமான சீட் ரிங் அடித்துக்கொண்டோம்.

டெல்கோவில், அதாவது டிஸ்ட்ரிபியூட்டரில், பாயின்ட் இடைவெளி பதினைந்து தவ். கேஜ் இல்லாத இடத்தில் விசிட்டிங் கார்டைச் செருகி அளக்கலாம் என்பது அவர் கொடுத்த இன்னொரு வித்தை. நான் வேலை பார்த்த கம்பெனியின் கார்டு சரியான கனம். அதற்காகவே சில கார்டுகளை காரில் வைத்திருந்தேன்.

பெரியப்பா ஒரு நோட்டு வைத்திருந்தார். ஆயில் மாற்றிய தேதி, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய தேதி, யாருக்குக் காரை இரவல் கொடுத்தார், திரும்பி வரும்போது என்ன போயிருந்தது எல்லாம் அதில் இருக்கும். அதன் முதல் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது: டிரனியனுக்கு கிரீஸ் கூடவே கூடாது. 90 ஆயில்.

டிரனியன் என்பது முன்சக்கரத்துக்குப் பின்னால், கீழே இருக்கும் ஒரு வெண்கலக் கட்டை. சக்கரத்தைத் தாங்குகிற நிமிர்ந்த இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கிறது. அது இந்தக் கட்டைக்குள் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே சுழல்கிறது. ஒரு பக்கத்துக்கு வலது மரை, இன்னொரு பக்கத்துக்கு இடது மரை. அந்த மரைக்குள் கியர் ஆயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிப்பிள் இருக்கிறதே என்று யாராவது கிரீஸ் கன்னை வைத்து அடித்தால், கிரீஸ் மரைக்குள் முழுக்கப் போகாமல் வாயிலேயே அடைத்துக்கொண்டு காய்ந்துவிடும். மேலிருந்து தண்ணீர் இறங்கும். தண்டு உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, வெளியே ஒன்றும் தெரியாமல், ஒரு நாள் முறியும். பெரும்பாலும் மெதுவாகப் போகும்போது, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போதுதான் முறியும். சக்கரம் காருக்கு அடியில் மடங்கி உட்கார்ந்துவிடும். கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்கள் குறைவு என்பதையே பெருமையாகச் சொல்லி விற்ற கார் இது. மிச்சம் இருந்ததிலும் ஒரு இடத்தில் கிரீஸ் அடித்தால் ஆபத்து.

என் நாத்தனார் மகன் ஒரு கல்யாணத்துக்குக் காரை எடுத்துப்போனவன், நன்றியோடு ஒரு இடத்தில் வாட்டர் சர்வீஸுக்கு விட்டுக் கொண்டுவந்து நிறுத்தினான். பளபளவென்று இருந்தது. பாய் முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு விரலை நீட்டினார். விரல் நுனியில் மஞ்சள் கிரீஸ். அன்றே கழற்றினோம். இடது பக்கத்துத் தண்டின் மரையில் ஒரு இடத்தில் செந்துரு ஏறிக் குழி விழுந்திருந்தது. அது இந்த ஒரு தடவையில் வந்தது அல்ல, இரவல் போன காலத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். புதுப்பேட்டையை இரண்டு சனிக்கிழமை சலித்தோம். கிடைத்தவையெல்லாம் எங்களுடையதைவிட மோசம். கடைசியில் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டின் தங்கை. அதை வைத்திருக்கும் ஆட்கள் அங்கே ஏராளம் என்பதால் இந்தப் பாகத்தை இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். குரோம்பேட்டையிலிருந்து பத்து நிமிஷ தூரத்தில் பிறந்த காருக்கு, சுங்க வரி கட்டி உதிரிபாகம் வந்து சேர்ந்தது. பெரியப்பா இருந்திருந்தால் கொல்லைப்பக்கம் போயிருப்பார்.

பழைய கார்க் கண்காட்சிகளுக்குச் சில தடவை கூப்பிட்டார்கள். போனேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, கயிறு கட்டி இறக்கி, துணியால் துடைத்து, மாலையில் திரும்ப ஏற்றுகிற கார்களைப் பார்த்தால் எனக்கு ஒரு ஒட்டாத உணர்வு. நடுவர் வந்து ஹோஸ் கிளிப் அந்தக் காலத்துடையதா என்று குனிந்து பார்ப்பார். எங்கள் காரில் ஹாரன் ஆட்டோவுடையது. சீட் ரெக்சின் பல்லாவரத்தில் தைத்தது. சீட் பெல்ட் நான் போட்டுக்கொண்டது. ஒரிஜினலுக்கு மார்க் போட்டால் எங்களுக்குப் பாதி கூட வராது. அந்த ரசனையை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பல கார்கள் எடைக்குப் போயிருக்கும். ஆனால் ரப்பர் சீல் நனைந்துகொண்டே இருந்தால்தான் இறுகாது, பிரேக் சிலிண்டர் அசைந்துகொண்டே இருந்தால்தான் ஒட்டாது. நிறுத்திவைத்த கார் எப்படி ஆகும் என்பதை அந்த ஷெட்டில் பார்த்தவள் நான்.

2021இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். எங்கள் காருக்குத் தகுதி இருந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் போடச் சொன்னார்கள். விதியைப் படித்தால், அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. பெரியம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது கண்காட்சியா, பராமரிப்பா? நான் பழைய வழியிலேயே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. வலித்ததுதான்.

இப்போதைய தலைவலி பெட்ரோல். 20 சதவீத எத்தனால் கலந்து வருவது பழைய ரப்பருக்கு ஆகாது. ஹெரால்டின் பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஒட்டிய சின்ன இயந்திரம். மேலே கண்ணாடிக் கிண்ணம், உள்ளே ரப்பர் டயாஃப்ரம். அந்த டயாஃப்ரம் விறைத்துப்போய் வெடிக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதால் கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹோஸ் எல்லாவற்றையும் புது வகைக்கு மாற்றியாயிற்று. எரிகலவை மெலிந்துபோய் என்ஜின் சூடாவதால், சோலக்ஸ் கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாகப் போட்டவர் பாயின் மகன். கடை இப்போது அவர் கையில். பாய் வருகிறார், டயர் மேல் உட்கார்கிறார். கண் சரியாகத் தெரிவதில்லை. டேப்பெட் போடுவது நான். அவர் காதால் கேட்டு, "நாலாவது" என்பார். திறந்து பார்த்தால் நாலாவதாகத்தான் இருக்கும்.

சமீபத்தில் ஒரு பையன் போன் செய்தான். விழுப்புரம் பக்கம் ஒரு ஹெரால்டு வாங்கியிருக்கிறானாம். யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "ஃபுல் சர்வீஸ் பண்ணியாச்சு மேடம். எல்லா நிப்பிள்லயும் கிரீஸ் அடிச்சாச்சு."

"டிரனியன்லயுமா?"

"அப்படின்னா?"

சொன்னேன். கழற்றிப் பார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் லாரி ஹாரன் ஒன்று நீளமாகக் கேட்டது.

"ஓட்டிட்டுதான் மேடம் வரேன். ஸ்பீக்கர்ல இருக்கீங்க. கூடுவாஞ்சேரி தாண்டியாச்சு."

"எங்கயாவது முழுசா ஒடிச்சுத் திருப்பினீங்களா தம்பி?"

"காலையிலேர்ந்து எல்லாருக்கும் அதைத்தான் மேடம் காட்டிட்டு வரேன். நின்ன எடத்துலயே ரவுண்டு அடிக்குது!"

வண்டலூருக்கு முன்னால் ரோடு அகலமாக இருக்கும் இடத்தில் ஓரம் கட்டச் சொன்னேன். ஆயில் கன்னில் 90ஐ நிரப்பிக்கொண்டு, ஸ்பானர் பையையும் ஜாக்கியையும் எங்கள் கார் டிக்கியில் போட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி கூப்பிட்டான்.

"மேடம், வலது பக்கம் ஒடிக்கிறதா, இடது பக்கமா?"

"எந்தப் பக்கமும் ஒடிக்காதீங்க தம்பி. நேரா வந்து நில்லுங்க."